வாலாஜா குட்டி யானைக்கு ஹைட்ரஜன்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி பழைய குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் மினி லாரி. 702 சிசி, இரண்டு சிலிண்டர், டீசல். ஓனர் வாலாஜாபேட்டைக்காரர். ராணிப்பேட்டையில் பதனிட்ட தோலை ஏற்றிக்கொண்டு ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போவார், திரும்பும்போது கிடைக்கிற லோடை ஏற்றி வருவார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கி.மீ. ஓட்டம், லிட்டருக்கு 18 கி.மீ. மைலேஜ். டீசல் பம்ப், டீசலைத் தெளிக்கும் நாசில் வேலை செய்யும் எங்கள் பட்டறைக்கு அவர் வந்தது புகைக்காக. வந்தவர் பானெட்டைத் தூக்கியதும் முதலில் காட்டியது ரேடியேட்டர் பக்கத்தில் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும், அதிலிருந்து ஏர் ஃபில்டர் ஹோஸுக்குள் போகும் மெல்லிய குழாயையும்தான். "ஹைட்ரஜன் மாட்டியாச்சுண்ணா. வண்டி லேசா ஓடுது, ஆனா பேட்டரிதான் நிக்க மாட்டேங்குது" என்றார்.

இதை எழுதுவதற்குக் காரணம் இதே ஹைட்ரஜன் கிட்டோடு வேலூர், காட்பாடி, ஆற்காடு சுற்றி இன்னும் பலர் ஓடிக்கொண்டிருப்பதுதான். லிட்டர் டீசல் 90 ரூபாயைத் தாண்டிய நிலையில், ஒருவர் வந்து 40 சதவீதம் மிச்சம் என்று சொன்னால் வண்டிக்காரர் காது கொடுக்கத்தான் செய்வார். அவர் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

சரி, பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது? தண்ணீரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கரைத்து, அதில் எவர்சில்வர் தகடுகளை நிறுத்தி, வண்டி மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள். தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிகிறது, இரண்டும் கலந்தே இன்ஜினுக்குள் போகிறது. எச்.எச்.ஓ. கிட், பிரவுன் கேஸ், வாட்டர் கிட் என்று பல பெயர்களில் விற்கிறார்கள். வாயு வருவது உண்மை. குழாயைச் சோப்புத் தண்ணீரில் விட்டால் குமிழி வரும், தீ வைத்தால் பட்டென்று வெடிக்கும். விற்பவர்கள் செய்து காட்டுவதும் அதைத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். கிட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 20 ஆம்பியர் என்று இருந்தது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தரும் கருவி) தருவது சுமார் 13.5 வோல்ட், ஆக 270 வாட். தகடுகளால் பிரித்த ஆறு அறைகளை வரிசையாக இணைத்தால், 20 ஆம்பியருக்கு, எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு வாயு பிரியும் என்று சொல்லும் ஃபாரடே விதிப்படி மணிக்குக் கிடைக்கும் ஹைட்ரஜன் நாலரை கிராம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 120 மெகாஜூல் ஆற்றல் இருப்பதால், இந்த நாலரை கிராம் கொடுப்பது தொடர்ச்சியாக 150 வாட், அவ்வளவுதான். இந்த வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது மணிக்கு 2.8 லிட்டர் டீசல் எரிக்கிறது. லிட்டருக்கு 36 மெகாஜூல் என்று பார்த்தால் அது 28 கிலோவாட். ஹைட்ரஜனின் பங்கு அதில் அரை சதவீதம். அந்த அரை சதவீதமும் இலவசமாக வரவில்லை, ஏனென்றால் 270 வாட் மின்சாரம் தர ஆல்டர்னேட்டர் பெல்ட்டிலிருந்து சுமார் 470 வாட் இழுக்கும், அந்த 470 வாட்டை கிராங்கில் (இன்ஜினின் சுழல் தண்டில்) தர இன்ஜின் ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் டீசலை எரிக்கும். பத்து பங்கு டீசலைக் கொடுத்து ஒரு பங்கு ஹைட்ரஜனை வாங்குகிற வியாபாரம் இது.

"அது சரி, ஆனா ஹைட்ரஜன் டீசலை நல்லா எரிய வைக்கும்ல?" என்று ஓனர் கேட்டார். நியாயமான கேள்வி, விற்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடமும் அதுவே. பெட்ரோல் இன்ஜினில் காற்று அதிகமாகவும் எரிபொருள் குறைவாகவும் ஓட்டும்போது கணிசமான அளவு ஹைட்ரஜன் சேர்த்தால் தீ அணையாமல் நிற்கும் என்பது ஆய்வகத்தில் நிரூபணமான விஷயம். ஆனால் சரியாக வேலை செய்யும் டீசல் இன்ஜின் தனக்குள் போகும் டீசலில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரித்துவிடுகிறது. மிச்சம் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. புகை அதிகமாக வந்தால் நாசில் ஒழுகுகிறது, டீசல் தெளிக்கும் டைமிங் தவறியிருக்கிறது, அல்லது காற்று போதவில்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் நாசில்தான்.

அப்படியானால் வண்டி ஏன் "லேசாக" ஓடியது? கிட் மாட்டியவர் அதே நாளில் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்திருக்கிறார், ஆயில் மாற்றியிருக்கிறார், டயருக்குக் காற்று பார்த்திருக்கிறார். அதோடு, காசு போட்டு ஒன்றை மாட்டியவர் மைலேஜ் பார்க்கும் ஆசையில் மிதமாக மிதிப்பார். இது யாருக்கும் நடக்கும். நாங்கள் சோதித்த விதம் எளிது: ஒரே பெட்ரோல் பங்கில் கழுத்துவரை டீசல் நிரப்பி, பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் போய்த் திரும்பி, அதே பங்கில் மறுபடி நிரப்பிப் பார்ப்பது. சில நாள் கிட்டின் ஃபியூஸைக் கழற்றிவிடுவோம், சில நாள் மாட்டிவிடுவோம், எந்த நாள் எது என்று ஓட்டுபவருக்குச் சொல்லமாட்டோம். ஃபியூஸ் இருந்த நாளுக்கும் இல்லாத நாளுக்கும், லோடும் எதிர்க்காற்றும் மாறுவதால் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தைத் தாண்டி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கிட் வாங்கிய யாரும் தன் வண்டியிலேயே இதைச் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

தீமை என்ன என்று பார்த்தால் பட்டியல் கொஞ்சம் நீளம். ராத்திரியில் ஹெட்லைட்டும் கிட்டும் சேர்ந்து இழுத்ததில் ஆல்டர்னேட்டருக்கு மிச்சம் இல்லை, பேட்டரி இறங்கியது அதனால்தான். பாட்டிலிலிருந்து காரத் துளிகள் வாயுவோடு சேர்ந்து போய் காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டின் உட்புறத்தை அரித்து வெள்ளையாகப் பூத்திருந்தது, அலுமினியத்துக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கும் ஆகவே ஆகாது. எல்லாவற்றிலும் மோசம் வயரிங். சாவியோடு சேர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் ரிலே எதுவும் இல்லாமல் நேராக பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாக எடுத்திருந்ததால், சாவியை ஆஃப் செய்தாலும் சுவிட்ச் ஆனில் இருந்தால் வாயு வந்துகொண்டே இருக்கும். எரிவதற்குச் சரியான விகிதத்தில் ஆக்சிஜனோடு கலந்தே வரும் ஹைட்ரஜன் அது. ஏர் ஃபில்டர் டப்பாவில் அது சேர்ந்து நின்று, காலையில் ஸ்டார்ட்டர் அடிக்கும்போது ஒரு பொறி பட்டால் பாட்டில் வரை தீ திரும்பி வரும். முகத்துக்கு நேரே காரத் தண்ணீர் தெறித்தால் கண் போய்விடும். இதைச் சொன்ன அன்றே கிட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

கழற்றிய பிறகு அவர் கேட்டதுதான் இந்த ஆய்வின் கனமான பாதி. "சரிண்ணா, இது வேஸ்ட்டு. நிஜ ஹைட்ரஜன சிலிண்டர்ல ஊத்தி, சிஎன்ஜி மாதிரி ஓட்ட முடியுமா, முடியாதா?"

இன்ஜின் ஓடுமா என்று கேட்டால், ஓடும். சந்தேகமே வேண்டாம். 1807-ல் ஸ்விட்சர்லாந்தின் டி ரிவாஸ் செய்த இன்ஜின், பெட்ரோல் இன்ஜின் பிறப்பதற்கு வெகு முன்னால், ஹைட்ரஜனில்தான் ஓடியது. பிஎம்டபிள்யூ 2006-ல் ஹைட்ரஜன் 7 என்ற காரை 100 வண்டி செய்தது. நம் நாட்டிலேயே 2012-ல் டெல்லி பிரகதி மைதானத்தில் ஐஐடி டெல்லியும் மஹிந்திராவும் சேர்ந்து 15 ஹைட்ரஜன் ஆட்டோக்களை இறக்கினார்கள். 2023 பிப்ரவரியில் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜனை இன்ஜினிலேயே எரிக்கும் கனரக லாரியைக் காட்டினார்கள். ஆகவே முடியுமா என்பது பழைய கேள்வி. இந்த 702 சிசி இன்ஜினில் என்னென்ன மாற்ற வேண்டும், அதற்கு வாயு எங்கே இருந்து எதில் வரும் என்பதே நமக்குரிய கேள்வி.

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது, அமுக்கச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் தானாகப் பற்ற 585 டிகிரி செல்சியஸ் வேண்டும், டீசலுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதனால் இரண்டே வழி. ஒன்று, நாசில் இருந்த இடத்தில் ஸ்பார்க் பிளக்கை வைத்து, பிஸ்டனை மாற்றி அமுக்க விகிதத்தை (சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பதை) 10, 12 என்ற அளவுக்கு இறக்கி, முழுக்க ஹைட்ரஜனில் ஓட்டுவது. மற்றொன்று, காற்றோடு ஹைட்ரஜனை உள்ளே விட்டு, கொஞ்சம் டீசலைத் தெளித்து அதைத் தீக்குச்சியாகப் பயன்படுத்துவது. இரண்டாவது வழியில் இன்ஜினைப் பெரிதாகப் பிரிக்க வேண்டியதில்லை, ஆனால் டீசல் டாங்கும் இருக்கும், ஹைட்ரஜன் டாங்கும் இருக்கும், இரண்டையும் ஒத்திசைத்து ஓட்ட ஒரு நல்ல கன்ட்ரோல் யூனிட் வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் அந்த மாதிரி கட்டுப்பாடு எதுவும் இல்லை.

இனி பேக்ஃபயர், அதாவது தீ பின்னோக்கி அடிப்பது. ஹைட்ரஜன் வேலை செய்த எல்லோரும் முதலில் சந்திப்பது இதைத்தான். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4-லிருந்து 7.6 சதவீதம் இருந்தால்தான் எரியும், ஹைட்ரஜன் 4-லிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவிலும் எரியும். அதைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும், பெட்ரோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. சூடேறிய எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் தலையில் ஒட்டிய கரி, மேலே வந்த ஒரு துளி ஆயில், பிளக் முனை, இதில் எது செக்கச் சிவந்திருந்தாலும் உறிஞ்சு நேரத்திலேயே பற்றிக்கொண்டு மேனிஃபோல்டுக்குத் தீ திரும்பும். அதனால் சூட்டைச் சீக்கிரம் இறக்கும் குளிர்ந்த வகை பிளக் போட வேண்டும், அதிலும் பிளாட்டினம் முனை கூடாது, ஏனென்றால் பிளாட்டினமே ஹைட்ரஜனைப் பற்றவைக்க உதவும். ஒரே காயிலில் இரண்டு பிளக்குக்கும் பொறி போகும் அமைப்பு சின்ன பெட்ரோல் வண்டிகளில் சகஜம். அதில் ஒரு பொறி தேவையில்லாத நேரத்தில் விழும், பெட்ரோலுக்கு அது தொந்தரவில்லை, ஹைட்ரஜனுக்கு அதுவே பேக்ஃபயர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கும் ஹைட்ரஜனுக்குக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும், எரிந்தபின் உண்டாகும் தண்ணீர் ஆயிலில் சேர்ந்து பால் மாதிரி ஆகாமல் பார்க்க வேண்டும். எரிபொருளில் வழவழப்பு இல்லாததால் வால்வு சீட்டும் கடினமானதாக மாற வேண்டும். வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில், 40 டிகிரிக்கு மேல் சூடான காற்றை உறிஞ்சும் இன்ஜினில், இவை ஒவ்வொன்றும் இன்னும் ஒரு படி கஷ்டம்.

சக்தியும் குறையும். மேனிஃபோல்டில் விடும் ஹைட்ரஜன் சரியான கலவையில் 29.5 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த அளவுக்குக் காற்று குறையும். பேக்ஃபயரைத் தவிர்க்கவும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கவும் காற்றை இரண்டு மடங்குக்கு மேல் விட்டு மெலிந்த கலவையில் ஓட்டினால் சக்தி இன்னும் இறங்கும். பிஎம்டபிள்யூ காரில் 6 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின், ஆனாலும் கிடைத்தது 260 குதிரைத்திறன்தான். 16 குதிரைத்திறன் உள்ள குட்டி யானைக்கு இதில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள், லோடோடு மேம்பாலம் ஏறவே திணறும். நைட்ரஜன் ஆக்சைடு பற்றி ஒரு வார்த்தை: ஹைட்ரஜன் எரிந்தால் வெறும் தண்ணீர்தான் வரும் என்பது ஹைட்ரஜனை எரிக்காமல் மின்சாரமாக்கும் ஃபியூல் செல்லுக்கு முழு உண்மை, இன்ஜினுக்கு இல்லை. தீயின் சூட்டில் காற்றில் இருக்கும் நைட்ரஜனே எரிந்து நச்சாகும். சக்தி வேண்டுமென்று கலவையைக் கெட்டியாக்கினால் அது டீசலைவிட மோசமாகப் போகவும் வாய்ப்புண்டு.

இவ்வளவும் பட்டறையில் சமாளிக்கக்கூடிய வேலைதான். நல்ல லேத், நல்ல கன்ட்ரோல் யூனிட், பொறுமை இருந்தால் போதும். என் கருத்தில், வழி அடைபடுவது இன்ஜினில் அல்ல, சிலிண்டரில்.

ஒரு நாளைக்கு 200 கி.மீ. என்றால் 11 லிட்டர் டீசல். அதே ஆற்றலுக்கு 3.3 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கும். ஆனால் வெல்டிங் கடைகளில் பார்க்கும் 47 லிட்டர் எஃகு சிலிண்டரில், 150 பார் அழுத்தத்தில், அடங்குவது அரை கிலோவுக்குச் சற்று மேல். ஆறு சிலிண்டராவது வேண்டும், வெறும் சிலிண்டர்களின் எடையே 350 கிலோ பக்கம் வரும். முக்கால் டன் ஏற்றும் வண்டியில் பாதி லோடு போயிற்று. சிஎன்ஜி சிலிண்டரிலேயே ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே 200 பாரில் சிஎன்ஜி தரும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட ஹைட்ரஜன் தராது, போதாததற்கு அதிக வலிமையான எஃகுக்குள் ஹைட்ரஜன் ஊடுருவி அதை முறியும் தன்மைக்குக் கொண்டுவரும். வண்டிக்கென்றே கார்பன் இழை சுற்றிச் செய்யும் 350 பார் டாங்குகள் இருக்கின்றன, அதில் 3.3 கிலோவை 140 லிட்டருக்குள் அடக்கலாம், எடையும் குறைவு. ஆனால் அந்த டாங்கின் விலை இந்தப் பழைய வண்டியின் விலையோடு பொருந்தாது. வேகமாக நிரப்பும்போது உள்ளே வாயு சூடேறும், டாங்க் 85 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது விதி, அதற்கு நிரப்பும் இடத்தில் குளிர்விக்கும் ஏற்பாடும் வேண்டும்.

நிரப்பும் இடம் எங்கே? ஓனர் கேட்டபோது நான் சொன்ன பதில் இதுதான்: 2025 மார்ச்சில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் கீழ் 37 பஸ், லாரிகளுக்கும் 9 நிரப்பு நிலையங்களுக்கும் ஒப்புதல் கொடுத்தது, அதில் 22 வண்டிகள் ஹைட்ரஜனை இன்ஜினில் எரிப்பவை. தேர்ந்தெடுத்த வழித்தடங்களில் திருவனந்தபுரம்-கொச்சி இருக்கிறது, விசாகப்பட்டினம் இருக்கிறது, ஜாம்ஷெட்பூர் இருக்கிறது, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை இல்லை. டெல்லி ஆட்டோக்களுக்கும் நிரப்பு நிலையம் அந்த மைதானத்துக்குள்ளேயே இருந்தது. எங்கே ஹைட்ரஜன் வண்டி ஓடியதோ அங்கே பக்கத்திலேயே வாயு இருந்தது.

நாமே தயாரித்தால்? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 55 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். 3.3 கிலோவுக்கு 181 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் 1,270 ரூபாய், 11 லிட்டர் டீசலின் விலையைவிட அதிகம், அதுவும் தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர், வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் செலவு சேர்க்காமல். அதே 181 யூனிட்டை பேட்டரி குட்டி யானைக்குக் கொடுத்தால், கி.மீ.க்குக் கால் யூனிட் என்று தாராளமாகவே போட்டாலும், 700 கி.மீ. ஓடும். சின்ன வண்டி, தினமும் ராத்திரி வீடு திரும்பும் வண்டி என்றால் இந்தக் கணக்கை ஹைட்ரஜன் ஜெயிக்காது. 40 டன் லாரி, பேட்டரி எடை தாங்காத நீண்ட ஓட்டம், ஒரே டிப்போவில் நிரப்பிக்கொள்ளும் பஸ் கூட்டம், அங்கேதான் ஹைட்ரஜன் இன்ஜினுக்கு நியாயமான இடம் இருக்கிறது. ஃபியூல் செல்லுக்கு 99.97 சதவீதத் தூய்மை வேண்டும், இன்ஜின் அவ்வளவு கறாராக இல்லை, தூசியும் சூடும் தாங்கும், நம் மெக்கானிக்குகளுக்குக் கை பழகியது. அந்த வேலை இந்தப் பக்கம் வந்தால் கற்றுக்கொள்ள நான் முதல் ஆளாக நிற்பேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. எரிபொருள் மாற்றும் கிட் என்றால் புனேயின் ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், சிலிண்டருக்கு 2016 எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான பெசோவின் அனுமதி வேண்டும், பிறகு ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இதில்லாமல் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க ஒரு காரணம் கிடைக்கும். கிட் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் காகிதம் அந்த ஒப்புதல் சான்றிதழ்தான்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. எல்பிஜி கசிந்தால் கீழே தேங்கும், நாம் தரையைப் பார்த்துப் பழகியவர்கள். ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசு, மேலே ஏறி ஷீட் கூரையின் முகட்டில் நிற்கும், அங்கேதான் நாம் லைட்டையும் ஃபேனையும் தொங்கவிட்டிருக்கிறோம். மணம் கிடையாது, பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட்டுக்காக சிலிண்டரோடு வருவதுண்டு. ஆசையாக வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனம் வராதுதான், ஆனால் முகட்டில் திறப்பும் கசிவு காட்டும் கருவியும் இல்லாத ஷெட்டில் அதைத் திறக்கவிடாதீர்கள்.

இந்த வண்டிக்கு நாசில் இரண்டும் மாற்றி, பம்ப் டைமிங் சரி செய்து, அரித்த மேனிஃபோல்டையும் பேட்டரியையும் மாற்றினோம். புகை நின்றது. அடுத்த வண்டி சிஎன்ஜியா பேட்டரியா என்று ஓனர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கழற்றிய பாட்டில் மட்டும் பட்டறையில் இருக்கிறது. அதற்குள் பழுப்பாக வண்டல் படிந்திருந்தது. வழக்கமான எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியம் உண்டு, காரத்தில் மின்சாரம் பாயும்போது தகடு கரைந்து குரோமியமும் வண்டலில் சேரும், அதில் நச்சு அதிகமான ஆறு இணைதிறன் வகையும் இருக்கலாம். மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையின் கழிவுக் குவியலால் நிலத்தடி நீரைப் பறிகொடுத்த ராணிப்பேட்டையில், இதைச் சாக்கடையில் ஊற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சாக்கடை பாலாற்றில்தான் போய் விழும். கிட் வைத்திருப்பவர்கள் கழற்றும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திரவத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் பிடித்து, மேலே பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் அபாயக் கழிவை கும்மிடிப்பூண்டியில் உள்ள கழிவு மையத்துக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தெரிந்தவர் மூலம் அவர்களிடம் கேட்டு, அந்த லோடோடு சேர்த்து அனுப்ப நாங்களும் பேசிக்கொண்டிருக்கிறோம்.